மோனிஷா எழுதிய விதி

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தமிழாசிரியர்களிடம் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று தாம்பரத்தில் பயிற்சி நடத்துபவர்கள் கேட்டார்கள். பேச நின்றால் பாதியில் யாரையாவது எழுப்பிக் கேள்வி கேட்டுவிடுவேன். முப்பத்தோரு வருடப் பழக்கம் அது. அதனால் எழுதியே தந்துவிடுகிறேன். பஸ்ஸில் போகும்போது படியுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். நானும் அந்த பஸ்களில் நிறையத் தூங்கியிருக்கிறேன்.

ஓர் உரைப்பத்தி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பாடம் இந்த வருடம் உங்கள் கைக்கு வரும். கால வரிசையா, காரணம்–விளைவா, ஒப்பீடா, சிக்கலும் தீர்வுமா, வெறும் விவரிப்பா என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதை நடத்தும் முறையைக் கையேட்டில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தப் பாடத்தில் ஒரே பெண்ணுக்கு ஒன்பது முறை தப்புப் போட்டேன். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன்.

என் வீடு மாடம்பாக்கத்தில். கடைசியாக வேலை பார்த்த பள்ளி பெரும்பாக்கத்தில், அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளுக்கு நடுவே. காலை பஸ் வேங்கைவாசலைத் தாண்டும்போது ஏரி மேல் பனி படுத்திருக்கும். மார்கழியில் ஏரியே தெரியாது. வெள்ளையாக ஒரு வெட்டவெளி, அதற்குள் எங்கோ நீர்க்கோழிச் சத்தம். நான் பாதித் தூக்கத்தில் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருப்பேன். பெரும்பாக்கம் நெருங்கினால் அந்தக் கட்டடங்கள் பனியிலிருந்து மேல் மாடியில் தொடங்கி ஒவ்வொன்றாக வெளியே வரும். கொடிகளில் காயும் சட்டைகள் ஆகாயத்தில் யாரும் இல்லாமல் நடப்பதுபோல் இருக்கும். சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கூழைக்கடாக்கள் ஏழாவது மாடி உயரத்தில், அவசரமே இல்லாமல், அந்தச் சட்டைகளுக்குப் பக்கத்தில் பறந்து போகும். பள்ளி மணி அடிக்கும்வரை எனக்கு விடிந்ததாகவே தோன்றாது.

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் நாற்பது பேர். பெரும்பாலும் நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து இங்கே குடிமாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி மோனிஷா. ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்சு. அச்சடித்த மாதிரி கையெழுத்து. அதிகம் பேச மாட்டாள். முந்தின வருடம் ஏழாம் வகுப்பிலும் அவள் என்னிடம்தான் படித்தாள். அந்த வருடம் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்த அவள் அப்பா ரோட்டில் அடிபட்டு இறந்துபோனார். பதினைந்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தவளிடம், விட்டுப்போன பாடங்களை எழுதிக் காட்ட ஒரு வாரம் தருகிறேன் என்று சொன்னேன். அதுவே பெரிய ஆறுதல் என்று நினைத்துக்கொண்டேன். விபத்து எங்கே, எப்படி என்று கேட்கவில்லை. கேட்பது நாகரிகம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கேட்கப் பயம்.

உரைப்பத்திப் பாடம் தொடங்கியதும் நோட்டுகள் என் மேஜைக்கு வர ஆரம்பித்தன. முதல் பத்தி, இட்லி மாவு அரைப்பது பற்றி. அரிசியையும் உளுந்தையும் ஊற வைக்கிறார்கள், பிறகு அரைக்கிறார்கள், பின்னர் உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைக்கிறார்கள். வகுப்பே கால வரிசை என்று எழுதியது. மோனிஷா காரணம்–விளைவு என்று எழுதியிருந்தாள். தப்புப் போட்டேன். அடுத்தது, தாம்பரத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலில் யார் யார் எந்த நிலையத்தில் ஏறுகிறார்கள் என்று ஒரு பத்தி. பூ விற்பவர்கள் முதலில், அதன்பின் கல்லூரிப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின் அலுவலகம் போகிறவர்கள். மோனிஷா மறுபடியும் காரணம்–விளைவு. குன்றத்தூர் மலைக்கோயிலில் படியேறுகிற வழியை விவரிக்கும் பத்திக்கும் அதேதான். ஒவ்வொரு முறையும் நான் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் ‘கவனம்’ என்று எழுதினேன். ஏழாவதிலோ எட்டாவதிலோ ‘கவனம்’ என்று எழுதக்கூடப் பொறுமை இல்லை.

அவளுக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். இந்தப் பக்கத்துப் பேச்சில் ‘பிறகு’ என்பதை ‘அப்பால’ என்பார்கள். ‘அப்பால’வும் ‘அதனால’வும் காதுக்கு அக்கா தங்கை மாதிரி. அதில்தான் குழம்புகிறாள் என்று எண்ணி, இரண்டையும் பலகையில் எழுதிப் பத்து வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்பதாவது பத்திக்கும் காரணம்–விளைவு என்றே எழுதினாள்.

அந்த வாரம் பள்ளி ஆய்வுக்கு ஓர் அலுவலர் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டார். நீங்களும் அந்தப் பேனாவைப் பார்ப்பீர்கள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அதைப் பார்த்ததும் வாய் கொஞ்சம் உலரும். நான் ஏரியின் ஒரு காலைப் பொழுதைப் பற்றிய பத்தியை எடுத்திருந்தேன். விடியும் முன் நாரைகள் வந்து இறங்குகின்றன, பிறகு பால்காரர் கரையோரம் போகிறார், பின்னர் வெயில் ஏறுகிறது, கடைசியில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். படிக்கும்போதே வகுப்பு அமைதியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே உண்மையாகவே இரண்டு நாரைகள் போயின. நல்ல பாடமாக அமையப் போகிறது என்ற மிதப்பில் இருந்தேன்.

“இது எந்த அமைப்பு?” என்று கேட்டேன். கை தூக்கியவர்களை விட்டுவிட்டு மோனிஷாவை எழுப்பினேன். அலுவலர் முன்னால் அவள் ஒருமுறையாவது சரியாகச் சொல்லிவிட்டால் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

“காரணம்–விளைவு, மிஸ்.”

“எப்படி? எது காரணம்?”

“நாரை, மிஸ். அதுதான் மொதல்ல வந்துச்சு.”

பின்னாலிருந்து ஒருவன், “சேவல் கூவலன்னா விடியாதா மிஸ்?” என்றான். வகுப்பு சிரித்தது. பேனா ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். அதோடு விடாமல், “மோனிஷாகிட்ட கொடுத்தா உலகத்துல எல்லாத்துக்கும் யாராவது ஒருத்தர் மேல பழி போட்டுடுவா” என்று சொன்னேன். வகுப்பு இன்னும் பெரிதாகச் சிரித்தது. அலுவலரும் புன்னகைத்தார். மோனிஷா மெதுவாக உட்கார்ந்து, நோட்டை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

ஆய்வுக் குறிப்பில், வகுப்பறை உயிரோட்டமாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். மூன்றாம் நாள் மதியம், பருவத் தேர்வுக்கான மதிப்பெண்களைக் கூட்ட, ஆய்வு நாளன்று வாங்கி வைத்திருந்த நோட்டுகளை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் கூட்டிப் போடுவது என் வழக்கம். மோனிஷாவின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால், அந்த அச்சுக் கையெழுத்தில், ஒரே ஒரு வரி இருந்தது. ‘யார் முதலில் ஆரம்பித்தார்களோ அவர்கள்தான் காரணம்.’ கீழே இரண்டு கோடுகள்.

ஒன்பது பத்திகளையும் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முதல் வாக்கியத்தில் வருகிறவரைச் சுற்றி, நான் கவனிக்காத அளவுக்கு மெல்லிய வட்டம் போட்டிருந்தாள். அரிசி ஊறவைத்தவர், முதலில் ரயில் ஏறிய பூக்காரம்மா, மலையில் முதல் படி வைத்த ஆள். அவள் குழம்பவே இல்லை. ஒரு விதியை வைத்துக்கொண்டு, ஒன்பது முறையும் அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். அதிகம் பேசாதவர். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒரே மாதிரி ஒன்பது தடவை எழுதியிருக்கா டீச்சர். இது தப்பு இல்ல, ஏதோ சொல்றா” என்றார். பிறகு ஒரு சுளையை என்னிடம் நீட்டி, “நீங்க போய்ப் பாருங்க. பாடம் நடத்தாதீங்க” என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏழு மாடி. நாலாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வானம் முழுக்க மேகம். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சம் தாழ்வாரங்களில் நிறைந்திருந்தது. யாரோ வீட்டில் தாளிக்கும் வாசனை, யாரோ வீட்டில் குழந்தைக்குத் தாலாட்டு. வீடுகள் எல்லாம் ஒரு பெரிய கப்பலின் அறைகள்போலவும், கப்பல் மெதுவாக எங்கோ நகர்ந்துகொண்டிருப்பதுபோலவும் இருந்தது. மூச்சு சீரானதும் எழுந்து ஏறினேன்.

கதவைத் திறந்தது மோனிஷாவின் அம்மா கஸ்தூரி. சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர். அன்று விடுமுறை.

“இன்னா மிஸ், ஏழு மாடியும் ஏறியா வந்தீங்க? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே. ஒக்காருங்க, ஒக்காருங்க.”

“மோனிஷா எங்க?”

“தோ, அந்தக் கோடில. மூணு நாளா அங்கியேதான் நின்னுகினு கீறா. வவுத்த வலின்றா, தல வலின்றா. இன்னான்னு ஒண்ணியும் புரியல.”

தாழ்வாரத்தின் கடைசியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கீழே சதுப்பு நிலம், அதற்கப்பால் இன்னும் கட்டடங்கள், அவற்றுக்கும் அப்பால் மேகம்.

“அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு, மோனிஷா.”

“பரவால்ல மிஸ்.”

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். “இத யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

“யாரும் இல்ல.”

“அப்புறம் எப்படித் தெரியும்?”

மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று மேகத்துக்குள் சத்தமாக மட்டும் போனது. அது அடங்கியதும் சொன்னாள்.

“போன வருசம் நீங்க சார்ட் கேட்டீங்கல்ல மிஸ். ஒலி மரபு எழுதிகினு வரணும்னு. நான் மறந்துட்டேன். சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு. அப்பாக்குப் போன் பண்ணி, நாளைக்கு வேணும், வாங்கிகினு வான்னேன். அவரு எப்பவும் சித்தாலப்பாக்கத்துலருந்து குறுக்கு ரோட்லதான் வருவாரு. அன்னைக்கு சார்ட்டுக்காக மேடவாக்கம் போனாரு. அப்பால…”



மயில் அகவும், குயில் கூவும் என்று வண்ண எழுத்தில் எழுதி வாருங்கள் என்று வகுப்புக்குச் சொன்னவள் நான்தான். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னவளும் நான்தான். ஒரு வருடமாக இந்தப் பெண் என் வகுப்பில், என் எதிரில், இதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“அது உன்னால இல்லம்மா” என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கணக்கைப் போட்டுக் காட்டாமல் விடையை மட்டும் சொல்லும் வாத்தியாரைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“நீங்க சும்மா சொல்றீங்க மிஸ்.”

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அழத்தான் தோன்றியது. அழுதிருந்தால் அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். ஏற்கெனவே சுமப்பவள் தலையில் என்னையும் ஏற்றி வைத்ததாகிவிடும். அதனால் அவள் விதியையே கையில் எடுத்தேன்.

“உன் விதிப்படி பாத்தா, மொதல்ல ஆரம்பிச்சது நீ இல்லையே. சார்ட் கேட்டது நான். அப்ப நான்தானே காரணம்?”

“ஐயோ இல்ல மிஸ்!” என்றாள் உடனே. முகமெல்லாம் பதறிவிட்டது. “நீங்க எல்லாருக்கும்தான் சொன்னீங்க. கிளாஸ்ல நாப்பது பேரும் அவங்கவங்க வூட்ல கேட்டாங்க. எல்லா அப்பாவும் கடைக்குப் போனாங்க. போயிட்டு வூட்டுக்கு வந்து…”

நிறுத்திவிட்டாள். தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல் நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பறையில் நான் அதிகம் செய்யாத காரியம் அது. விடை பாதி வந்ததும் மீதியை நானே சொல்லி முடித்துப் பழகியவள். அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பின்னால் டம்ளர் விழும் சத்தம். கஸ்தூரி தண்ணீர் கொண்டு வந்திருந்தார். எப்போதிலிருந்து நின்றிருந்தாரோ தெரியவில்லை.

“நீ இத்த மனசுல வச்சிகினா இருந்த?” என்றார் மகளிடம். “அடியே, நாந்தாண்டி. நாந்தான் அவருக்குப் போன் போட்டு, இன்னும் இன்னா பண்ற, சீக்கிரம் வான்னு கத்துனேன். அவரு வண்டிய எடுத்தது நான் கத்துனதாலதான். உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாம ஒரு வருசமா…”

இரண்டு பேர் ஒரே அறையில் படுத்து எழுந்து, ஒரே பாயில் தூங்கி, ஒரே குற்றத்தைத் தனித்தனியே ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

கஸ்தூரி உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அதற்குள் மடித்த தாள்கள். விபத்து குறித்துக் காவல் நிலையத்தில் எழுதிய முதல் தகவல் அறிக்கையின் நகல்.

“வக்கீல் குடுத்தாரு மிஸ். படிச்சிப் பாத்துக்கோம்மான்னாரு. எனக்குக் கையெழுத்துதான் போடத் தெரியும். இவகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்ல பயம். நான் போன் போட்டது அதுல எழுதியிருந்தா? என் பேரு அதுல இருக்குதான்னு நீங்க பாருங்க மிஸ்.”

வாங்கி முதலில் நானே வாசித்தேன். அவர் பெயர் அதில் இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் என் வாய்ச் சொல்லுக்கு அந்தப் பெண்ணிடம் என்ன மதிப்பு என்று சற்று முன்தான் தெரிந்துகொண்டிருந்தேன். தாளை அவள் கையில் கொடுக்கவும் தயக்கம். பக்கத்தின் கீழ்ப்பாதியில் காயங்களின் விவரம் இருந்தது. எந்தப் பிள்ளையும் தன் அப்பாவைப் பற்றி அப்படி வாசிக்கக் கூடாது. பின்புறமாக மடித்து நகத்தால் அழுத்தினேன்.

“மேல் பாதிய மோனிஷா படிக்கட்டுமா?” என்று கஸ்தூரியிடம் கேட்டேன். தலையசைத்தார். மோனிஷாவிடம், “வேணாம்னா வேணாம்” என்றேன். அவள் கையை நீட்டினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, உள்ளே போய் ஒரு பென்சில் எடுத்து வந்தாள்.

மூவரும் வாசலில் உட்கார்ந்தோம். காவல் நிலையத் தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முற்றுப்புள்ளியே கிடையாது. ஒரு வாக்கியம் பக்கம் முழுக்க ஓடும். அவள் நிறுத்தி நிறுத்தி, சத்தமாக வாசித்தாள்.

“மேற்படி நபர் தனது இருசக்கர வாகனத்தில் மேடவாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தபோது… எதிர்த்திசையில் மேற்படி தண்ணீர் லாரியின் ஓட்டுநர்… லாரியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதால்…”

“அங்க நிறுத்து” என்றேன். “இதுல எது காரணம்?”

பென்சில் அந்த வரியின் மேல் ஊர்ந்தது. ‘மோதியதால்’ என்ற சொல்லின் கடைசியில், ‘ஆல்’ ஒலிக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு போட்டாள். பிறகு முன்னால் போய் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்பதன் கீழ். அதற்கும் முன்னால் போய் ‘லாரியின் ஓட்டுநர்’. பத்தியின் முதலில் வருபவர் அவள் அப்பா. அவரைச் சுற்றி அவள் வட்டம் போடவில்லை.

வரியை மறுபடி முதலிலிருந்து மனதுக்குள் வாசித்தாள். உதடுகள் அசைந்தன.

“இதுல அம்மா இல்ல. சார்ட் இல்ல. நான் எங்கியுமே இல்ல மிஸ்.”

நான் மூச்சு விட்டேன். ஆனால் அவள் முடிக்கவில்லை. கெட்டிக்காரப் பெண் அவ்வளவு எளிதில் விட மாட்டாள்.

“ஆனா போலீஸ்காரங்களுக்கு சார்ட் விஷயம் தெரியாதே மிஸ். தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பாங்கல்ல?”

“எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பாங்க? நீயே எழுதிப் பாரேன்” என்று மட்டும் சொன்னேன். விடை தெரியாமல்தான் சொன்னேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அவள் நோட்டை எடுத்து, அதே காவல் நிலையத் தமிழில் எழுத ஆரம்பித்தாள். மேற்படி நபர் தன் மகளுக்கு சார்ட் வாங்கிக்கொண்டு… பென்சில் நின்றது. வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. ஏழாவது மாடியில் தூறல் விழுகிற சத்தம் கேட்காது. காற்றில் ஒரு ஈரம் வந்து மேலே படும், அவ்வளவுதான்.

“‘வந்துகொண்டிருந்தபோது’ன்னுதான் எழுதணும் மிஸ்” என்றாள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. “‘வாங்கியதால்’னு எழுத முடியாது. சார்ட் வாங்கிகினு வரும்போது. ‘ஆல்’ லாரிக்குத்தான் வரும்.”

“அப்ப நான்?” என்றார் கஸ்தூரி. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணி அதைக் கேட்டவிதம் எனக்கு மறக்காது. தீர்ப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி கேட்டார்.

“நீயும் ‘போது’லதான் கீறம்மா. நீ போன் பண்ணபோது. அவ்ளோதான்.”

சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அம்மா மடியில் விழுந்து, மூன்று நாளையும் ஒரு வருடத்தையும் சேர்த்து அழுதாள். நான் டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கினேன்.

நான் செய்ததை அப்படியே செய்யுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தாள் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கலாம். அவள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருக்கலாம். அன்று தப்பித்தேன், அவ்வளவுதான். ஒரே மத்தியானத்தில் எல்லாம் ஆறிவிடவும் இல்லை. தலைமையாசிரியை ஏற்பாடு செய்து, ஒரு மனநல ஆலோசகர் தாயையும் மகளையும் பல மாதங்கள் பார்த்தார். நடுவில் சில நாட்கள் மோனிஷா மறுபடியும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த நாட்களில் நான் அவளை எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் மொழியில் ‘மழை பெய்து ஏரி நிரம்பியது’ என்றும் சொல்லலாம், ‘காக்கை கரைந்து பொழுது விடிந்தது’ என்றும் சொல்லலாம். பெய்து, கரைந்து, இரண்டுக்கும் ஒரே உருவம். முன்னது காரணம், பின்னது வெறும் அடுத்தடுத்து நடந்த காரியம். வித்தியாசத்தைச் சொல் காட்டிக் கொடுக்காது, படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மதிப்பெண் கேள்வி என்று நாம் நினைத்து நடத்தும் இந்தப் பாடத்தை, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை தன் வீட்டில் நடந்த எதன் மீதோ வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தப்பான விடையைப் பார்த்ததும் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். “எப்படி இந்த விடை வந்துச்சு?” என்று கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். அலுவலர் யாரும் பின்னால் உட்கார்ந்திருக்காதபோது கேளுங்கள்.

நான் அவள் வீட்டுக்குப் போய்வந்த பின், திங்கட்கிழமையும் அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தாள். பாடம் தொடங்கும் முன், போன வாரம் ஒரு மாணவியின் பதிலைக் கேலி செய்தது என் தவறு என்று வகுப்பிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. சேவல் கேள்வி கேட்டவன் எழுந்து, “சாரி மிஸ்” என்றான். “எங்கிட்ட எதுக்கு?” என்றேன். அவன் மோனிஷா பக்கம் திரும்பித் தலையைச் சொறிந்தான். அவள், “சரி, ஒக்காரு” என்றாள். வகுப்பு சிரித்தது. இந்த முறை அவளும் சிரித்தாள்.

ஆண்டுத் தேர்வில் இரண்டு ஏரிகளைப் பற்றி ஒரு பத்தி கொடுத்திருந்தேன். ஒன்று ஆழமானது, இன்னொன்று அகலமானது. ஒன்றில் மீன், இன்னொன்றில் தாமரை. வெளிப்படையான ஒப்பீடு. கால் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடக்கூடிய ஒப்பீடு. மோனிஷா கால வரிசை என்று எழுதி வைத்திருந்தாள்.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவளைத் தனியே கூப்பிட்டேன். கொஞ்சம் பயந்துகொண்டுதான் கேட்டேன்.

“எப்படி இந்த விடை வந்துச்சு, மோனிஷா?”

தாளை வாங்கிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ! படிக்கவே இல்ல மிஸ். பசி தாங்கல. வெளிய திவ்யா வேற நின்னுகினு இருந்தா. சும்மா எதயோ எழுதிக் குடுத்துட்டேன்.”

வேறு ஒன்றுமே இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணின் சாதாரண அவசரம், சாதாரணப் பசி. எனக்கு இருந்த நிம்மதியில் அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

“ரெண்டு மார்க் போச்சே மிஸ்” என்றாள். “தெரிஞ்ச பதில்தானே. ஒண்ணாவது போடுங்க மிஸ். ப்ளீஸ் மிஸ்.”

போடவில்லை.